பின்னால் காட்டும், முன்னால் மறைக்கும்

பிரிட்டனின் கிராமப்புறத்தில் 5.5 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே இது அரிய அளவல்ல. எதிரெதிரே இரண்டு மோட்டார்ஹோம்கள் வருகின்றன. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே அடக்கிய இந்த வண்டிகளின் உடல் அகலம் 2.3 மீட்டரை ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 4.6 மீட்டர். மீதி 90 செ.மீ. இருப்பதால் சிரமமில்லாமல் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வண்டியின் அகலத்தைச் சொல்லும்போது பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே தொங்கும் கண்ணாடி, வண்டியின் உடலைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 25 செ.மீ. வரை நீட்டிக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது. அந்த வரம்பு வரை நீண்ட கண்ணாடிகளோடு ஒவ்வொரு வண்டியும் 2.8 மீட்டர் ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால் 5.6 மீட்டர். சாலையோ 5.5.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ வேனின் மீது கட்டப்பட்டவை. இத்தாலியின் அதெஸ்ஸா ஆலையில் உருவாகும் அந்த வேனுக்குப் பெஷோ பாக்ஸர், சித்ரோயன் ஜம்பர் என்று உடன்பிறப்புகளும் உண்டு. எதிரே வருவதும் பெரும்பாலும் அதே குடும்பத்து வண்டி என்பதால் இரண்டின் கண்ணாடிகளும் ஒரே உயரத்தில் இருக்கும். ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் விலகித் தப்பிக்க வழியில்லை. கண்ணாடியின் முதுகில் மாட்டும் தடித்த பிளாஸ்டிக் கவசங்களுக்குப் பிரிட்டிஷ் கடைகளில் நல்ல விற்பனை இருப்பதன் காரணம் இதுதான். பல டுகாட்டோக்களில் வெளி வெப்பநிலையை அளக்கும் உணரியும் வானொலி ஆன்டெனாவும்கூடக் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருக்கின்றன. அது உடைந்தால் செலவு கண்ணாடியோடு நிற்பதில்லை.

இவ்வளவு தொல்லை தரும் ஒன்றை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்கிறார்கள்? வண்டி பெரியது, அதனால் கண்ணாடியும் பெரியது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி ஓட்டுநரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள தூரத்தில் இருக்கிறது.

சமதள ஆடியை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளலாம். ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுவதும் தெரியும். அறையின் மறுகோடிக்குப் போனால் எதிர்வீட்டுச் சுவரின் ஒரு துண்டுதான் தெரியும். ஜன்னல் சுருங்கவில்லை, நாம்தான் விலகிவிட்டோம். ஓட்டுநரின் கண்ணிலிருந்து 90 செ.மீ. தொலைவில், 18 செ.மீ. அகலமுள்ள சமதள ஆடி இருந்தால், ஒரு கண்ணுக்கு அது காட்டும் கோணம் சுமார் 11 பாகை. அதே ஆடியை வண்டியின் மறுபக்கத்தில், 1.8 மீட்டர் தள்ளி வைத்தால் அந்தக் கோணம் 6 பாகைக்கும் குறைந்துவிடும். சிறிய காரில் மறுபக்கக் கண்ணாடி இன்னும் கிட்டத்தில் இருப்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. அகலமான வேனில் அது கண்ணை உறுத்தும்.

சட்டம் எவ்வளவு கேட்கிறது? ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 46ஆம் எண் விதிமுறைதான் இதற்கு அடிப்படை. பக்கவாட்டுக் கண்ணாடியில், வண்டியின் ஓரத்திலிருந்து வெளிப்புறமாக 4 மீட்டர் அகலமுள்ள தரைப்பட்டை தெரிய வேண்டும். அது ஓட்டுநரின் கண்ணுக்கு 20 மீட்டர் பின்னால் தொடங்கித் தொடுவானம் வரை நீள வேண்டும். கண்ணுக்கு 4 மீட்டர் பின்னாலேயே 1 மீட்டர் அகலப் பட்டையாவது தெரிய வேண்டும். இது பயணிகள் கார்களுக்கான விதி. மோட்டார்ஹோமும் சட்டத்தின் கண்ணில் அதே 'எம்1' வகைதான். ஏழு மீட்டர் நீளமுள்ள வீட்டுக்கும் நான்கு மீட்டர் ஹேட்ச்பேக்குக்கும் குறைந்தபட்சப் பார்வை ஒன்றே என்று விதி சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது. அதற்கு மேல் தருவது தயாரிப்பாளரின் விருப்பம்.

அந்தக் குறைந்தபட்சமே சுலபமல்ல. 20 மீட்டர் பின்னால் 4 மீட்டர் அகலம் என்றால் சுமார் 11 பாகை. மறுபக்கத்தில் சமதள ஆடியை வைத்துக்கொண்டு இதை நிறைவேற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 30 செ.மீ. அகலக் கண்ணாடி வேண்டும். அதனால்தான் ஐரோப்பியர்கள் கண்ணாடியை வளைத்தார்கள். பள்ளியில் படித்த குவி ஆடி இங்கேதான் வருகிறது.

குவி ஆடியின் வளைவு ஆரம் குறையக் குறையக் காட்சி விரியும், உருவம் சிறுக்கும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கண்ணுக்கும் ஆடிக்கும் உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, வளைவு ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். சமதள ஆடியோடு ஒப்பிட்டால், தொலைவிலுள்ள பொருளின் உருவம் அத்தனை மடங்கு சிறுத்துத் தெரியும். காட்சிக் கோணமும் அதே அளவு பெருகும். முதன்மைக் கண்ணாடிக்கு விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 1.2 மீட்டர். ஓட்டுநரின் பக்கத்தில், 90 செ.மீ. தொலைவில், உருவம் இரண்டரை மடங்கு சிறுக்கும். மறுபக்கத்தில், 1.8 மீட்டர் தொலைவில், சரியாக நான்கு மடங்கு. ஒரே வளைவுள்ள இரண்டு கண்ணாடிகள், ஒரே கார், ஆனால் இரு பக்கமும் இரு வேறு அளவுகள். இதை அறியாதவர் இடது கண்ணாடியில் பார்த்த காரையும் வலது கண்ணாடியில் பார்த்த காரையும் ஒரே தராசில் எடைபோடுவார்.

நான்கு மடங்கு சிறுத்தால் என்ன ஆகும் என்பதை, ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் பிரிட்டிஷ் வண்டியோடு ஜெர்மனியின் ஆட்டோபானுக்குப் போனால் பார்க்கலாம். 3.5 முதல் 7.5 டன் வரையுள்ள மோட்டார்ஹோம்களுக்கு அங்கே மணிக்கு 100 கி.மீ. உச்சவரம்பு. பின்னால் வரும் காருக்குப் பல இடங்களில் வரம்பே இல்லை. அது 180இல் வந்தால், வித்தியாசம் மணிக்கு 80 கி.மீ., அதாவது நொடிக்கு 22 மீட்டர். 100 மீட்டர் பின்னாலிருக்கும் கார் நான்கரை நொடியில் பக்கத்தில் வந்துவிடும். 100 மீட்டர் பின்னால் இருக்கும்போது அந்தக் கார் மறுபக்கக் கண்ணாடியில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கால் பாகை அகலம். முழு நிலவின் அகலத்தில் பாதி. அதைவிட முக்கியமாக, அது பெரிதாகிக்கொண்டே வருகிறது என்பதைக் கண் உணரும் வேகமும் குறைந்துவிடுகிறது. நெருங்கி வரும் பொருளின் வேகத்தை நாம் கணிப்பதே அதன் உருவம் வளரும் விதத்தை வைத்துத்தான்.

முதன்மைக் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதுதான் அகன்ற கோணக் கண்ணாடி. அதற்கு விதி அனுமதிக்கும் வளைவு ஆரம் 30 செ.மீ. வரை இறங்கலாம். அந்த அளவில், மறுபக்கத்தில் உருவம் பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடும். தொலைவில் வரும் காரைப் பார்க்க அது உதவாது. பின்சக்கரம் எங்கே இருக்கிறது, நடைபாதை விளிம்பு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்துத் தடத்தில் யாராவது ஒட்டி வருகிறார்களா என்று பார்க்க அதுபோல் இன்னொன்று கிடையாது. மேல் கண்ணாடியில் 'எவ்வளவு தூரம்', கீழ்க் கண்ணாடியில் 'யாராவது இருக்கிறார்களா' என்று கேள்விகளைப் பிரித்துக்கொண்ட ஓட்டுநருக்குக் குழப்பம் குறைவு.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே பயணிகள் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாகத்தான் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் குவி ஆடி வைத்தால், கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் கிட்டத்தில் உள்ளன என்ற எச்சரிக்கையை அதன் மீதே பொறிக்க வேண்டும். 4,536 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய மோட்டார்ஹோம்களில் இரு பக்கமும் சமதள ஆடிகள் கட்டாயம். ஒவ்வொன்றின் பரப்பும் 323 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது. அமெரிக்கப் பெருவண்டிகளில் உயரமான தட்டையான கண்ணாடியும் அதனடியில் தனிக் குவி ஆடியும் சேர்ந்து தொங்குவது இதனால்தான். வளைக்க மனமில்லாதவர்கள் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹிக்ஸ், உருவத்தை அதிகம் சிதைக்காமலே 45 பாகை காட்டும் ஒரு வளைபரப்பைக் கணக்கிட்டு 2012இல் காப்புரிமை பெற்றார். சாதாரணச் சமதள ஆடி காட்டுவது 15 முதல் 17 பாகைதான். ஆனால் அவருடைய ஆடி தட்டையாக இல்லை. அவர் நாட்டிலேயே புதிய காரின் ஓட்டுநர் பக்கத்தில் அதைப் பொருத்தி விற்கச் சட்டம் இடம் தராது.

மோட்டார்ஹோமின் நிஜமான சிக்கல் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. அதில் நடுக் கண்ணாடி இல்லை. இருந்தாலும் அதில் தெரிவது கழிப்பறைக் கதவு. காரில் பிளைண்ட் ஸ்பாட்டை ஒழிக்க ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995இல் ஒரு வழி சொன்னார். பக்கக் கண்ணாடிகளைச் சொந்தக் காரின் உடல் தெரியாத அளவுக்கு வெளிப்புறமாகத் திருப்பிவிடுங்கள், நேர் பின்னால் நடப்பதை நடுக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் யோசனை. மிக நல்ல யோசனை, மோட்டார்ஹோமுக்கு மட்டும் உதவாதது. இங்கே நடுக் கண்ணாடியின் வேலையையும் பக்கக் கண்ணாடியே சுமக்க வேண்டும். சொந்த வண்டியின் சுவர் ஓரமாகத் தெரிந்தால்தான் வண்டி எங்கே முடிகிறது என்பதே புரியும். அதிலும் டுகாட்டோவின் உடல் அகலம் 2.05 மீட்டர்தான். பின்னால் கட்டப்படும் வீடு அதைவிட அகலம். வேனுக்கான குட்டைக் கையோடு கண்ணாடியை விட்டுவைத்தால் பாதிக் கண்ணாடியில் வீட்டுச் சுவர்தான் நிறைந்திருக்கும். வெவ்வேறு உடல் அகலத்துக்கு வெவ்வேறு நீளக் கைகளை ஃபியட்டே தருவது இதற்காக.

கையை நீட்டியாயிற்று, கண்ணாடியைப் பெரிதாக்கியாயிற்று, கீழே இன்னொன்றும் சேர்த்தாயிற்று. பின்புறம் நன்றாகத் தெரிகிறது. இப்போது முன்னால் பாருங்கள். முகப்புக் கண்ணாடியைத் தாங்கும் தூணுக்குப் பக்கத்தில், ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு அருகில், ஒளி புகாத ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் ஆர்வமூட்டும் பகுதி இதுதான். பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று விளம்பரங்கள் பேசுகின்றன, முன்னால் எவ்வளவு போயிற்று என்று யாரும் பேசுவதில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. தூரம். அதைவிட மெல்லிய தடையை இரண்டு கண்களும் சேர்ந்து கடந்துவிடும். ஒரு கண்ணுக்கு மறைவது மற்றதற்குத் தெரியும். தடை அதைவிட அகலமானால் இரண்டு கண்களுக்குமே தெரியாத ஒரு மறைபகுதி உருவாகி, தூரம் போகப் போக விரியும். கண்ணாடிக் கூடும் தூணும் சேர்ந்து ஓட்டுநருக்கு 25 செ.மீ. அகலத் தடையாக 90 செ.மீ. தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் தொலைவில் அது மறைக்கும் அகலம் 2.1 மீட்டர். ஒரு சைக்கிள் முழுசாக உள்ளே போய்விடும். 20 மீட்டரில் 4.2 மீட்டர். ஒரு காரே காணாமல் போகும்.

நகரும் பொருள் மறைவிலிருந்து எப்படியும் வெளியே வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும், மோதப் போகாத பொருளாக இருந்தால். மாலுமிகளுக்கு இது பழைய பாடம். எதிர்க் கப்பல் தெரியும் திசை மாறாமலே தூரம் மட்டும் குறைந்துகொண்டு வந்தால், இரண்டும் மோதப் போகின்றன என்று பொருள். சாலைச் சந்திப்பிலும் அதே வடிவியல்தான். இரு வண்டிகளும் சீரான வேகத்தில் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேருமானால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது எப்போதும் ஒரே கோணத்தில் இருக்கும். அந்தக் கோணம் தூணின் கோணமாக அமைந்துவிட்டால் கடைசி நொடி வரை தெரியாது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் பகுதியிலுள்ள இப்லி கிராஸ் இதற்குப் பெயர்போன சந்திப்பு. சுற்றிலும் மரமற்ற திறந்த வெளி, எதுவும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் 2010களில் அங்கே சைக்கிளில் வந்த இருவர் கார் மோதி இறந்தார்கள். சாலைகள் செங்கோணத்தில் வெட்டாமல் சாய்ந்து வெட்டுவதால், காரின் முகப்புத் தூண் மறைக்கும் கோணத்திலேயே சைக்கிள் நெருங்கி வர முடியும் என்று பின்னர் விளக்கப்பட்டது. அது காரின் மெல்லிய தூண். மோட்டார்ஹோமில் தூணோடு கண்ணாடியும் ஒட்டிக்கொள்கிறது.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. சந்திப்பை நெருங்கும்போது இருக்கையில் முன்னும் பின்னுமாகவும் பக்கவாட்டிலும் உடலை அசைத்துப் பார்ப்பது. தலை 20 செ.மீ. நகர்ந்தால் 20 மீட்டருக்கு அப்பால் மறைபகுதி நான்கு மீட்டருக்கு மேல் நகரும். அனுபவமுள்ள லாரி ஓட்டுநர்கள் இதை யோசிக்காமலே செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகப் பெரிய வண்டியைத் தொடுபவருக்கு யாராவது சொல்லித்தான் தர வேண்டியிருக்கிறது.

'ஏ கிளாஸ்' என்று அழைக்கப்படும் வகையில் நிலைமை மாறுகிறது. வேனின் முகத்தைக் கழற்றிவிட்டு, முழு உடலையும் மோட்டார்ஹோம் நிறுவனமே கட்டும் வண்டிகள் இவை. தென் ஜெர்மனியின் பாட் வால்ட்ஸேயிலுள்ள ஹைமர் நிறுவனம் இந்த வகைக்குப் புகழ்பெற்றது. இவற்றில் முகப்புக் கண்ணாடி ஓட்டுநரிடமிருந்து வெகுதூரம் முன்னால் போய்விடுகிறது, பஸ்ஸில் உள்ளதுபோல் பக்கக் கண்ணாடிகளும் மேல் மூலையிலிருந்து முன்னோக்கித் தொங்குகின்றன. தொலைவு கூடியதால் கண்ணாடி முன்னால் மறைக்கும் கோணம் குறைகிறது. மேலிருந்து தொங்குவதால் அதனடியில் பார்வை புகுந்து போகவும் இடமிருக்கிறது. விலை என்ன தெரியுமா? ஜன்னலிலிருந்து விலகிய அதே கதைதான். தொலைவில் போன கண்ணாடி பின்னால் காட்டும் கோணமும் குறைகிறது. அதை ஈடுகட்ட இன்னும் பெரிய கண்ணாடி, இன்னும் நீண்ட கை.

தொங்கும் கண்ணாடிக்கு ஒரு நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும். வேன் வகையில் கண்ணாடியைப் பக்க ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். மழையில் அதன் மீது துளிகள் ஓடும். இரவு முழுவதும் இரண்டு மூன்று பேர் உள்ளே தூங்கி மூச்சுவிட்ட வண்டி என்பதால் காலையில் கண்ணாடியெல்லாம் உட்புறம் வியர்த்திருக்கும். பஸ் பாணிக் கண்ணாடியை முகப்புக் கண்ணாடியின் வழியாக, வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் பார்க்கிறோம். அடைமழையில் இந்த ஒரு வித்தியாசமே போதும், எது வேண்டும் என்று தீர்மானிக்க.

கை நீண்டால் அதிரும். ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு ஒளி திரும்பும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பத்தில் ஒரு பாகை அதிர்ந்தாலே 50 மீட்டர் பின்னாலுள்ள காட்சி 17 செ.மீ. அலைபாயும். நம்பர் பிளேட்டைப் படிக்க முடியாது, இரட்டை விளக்கும் ஒற்றை விளக்கும் ஒன்றாகக் குழையும்.

இத்தனை கண்ணாடிகளும் சேர்ந்தாலும் அடையாத இடம் ஒன்று இருக்கிறது. கூர்ங்கோணத்தில் பிரதான சாலையோடு சேரும் சந்திப்பு. காரில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் பின் ஜன்னல் வழியாகச் சாலை தெரியும். மோட்டார்ஹோமில் சமையலறை அலமாரி தெரியும். இடது பக்க ஓட்டத்துக்காகக் கட்டிய பிரிட்டிஷ் வண்டி பிரான்ஸுக்குப் போனாலோ, ஜெர்மன் வண்டி பிரிட்டனுக்கு வந்தாலோ, பார்க்க வேண்டிய திசை ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் ஆகிவிடும்போது இது இன்னும் மோசம். கண்ணாடி தரைப்பட்டையைத்தான் காட்டும், சாய்ந்து வரும் சாலையைக் காட்டாது. செய்யக்கூடியது ஒன்றுதான். சந்திப்பில் வண்டியை முடிந்தவரை செங்குத்தாகத் திருப்பி நிறுத்தி, பக்க ஜன்னல் வழியாகவே பார்ப்பது. அப்படித் திருப்பும்போது கீழ்க் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் உடல், திருப்பும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வீசும். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது 2.2 மீட்டர் பின்நீட்டமுள்ள வண்டியின் மூலை ஏறத்தாழ 33 செ.மீ. வெளியே வரும். பெட்ரோல் பங்கின் தூண்கள் இந்தக் கணக்கை நன்றாக அறியும்.

கண்ணாடியையே எடுத்துவிட்டுக் கேமராவும் திரையும் வைத்தால் என்ன? ஜப்பானும் ஐரோப்பாவும் 2016 முதல் இதை அனுமதிக்கின்றன. மெர்சிடீஸின் ஆக்ட்ரோஸ் லாரி முதன்மைக் கண்ணாடிகளைத் துறந்து சாலைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் இன்னும் அனுமதியில்லை. கறுப்புப் பெட்டி போய்விடுகிறது, நீண்ட கை போய்விடுகிறது, காற்றுத் தடை குறைகிறது. கண்ணாடி முன்னால் மறைத்தது திரும்பக் கிடைக்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது, ஓட்டுபவரின் வயதைக் கேட்கும் வரை.

சமதள ஆடியில் 20 மீட்டர் பின்னாலுள்ள காரைப் பார்க்கும்போது கண் 20 மீட்டருக்கு அப்பால்தான் குவிகிறது. சாலையைப் பார்த்த கண் அப்படியே தளர்வாக ஆடியையும் பார்க்கலாம். குவி ஆடியில் மாய பிம்பம் ஆடிக்குப் பின்னால் 60 செ.மீ. தொலைவுக்குள் உருவாகும், ஆக ஓட்டுநர் பக்கத்தில் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர். கொஞ்சம் சிரமம், ஆனால் சமாளிக்கலாம். திரையோ முகப்புத் தூணின் அருகே 60, 70 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களின் கண் அந்தத் தூரத்துக்குத் தானாகக் குவிவதில்லை. மோட்டார்ஹோம் வாங்குபவர்களில் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். சாலையைப் பார்க்க ஒரு மூக்குக் கண்ணாடி, திரையைப் பார்க்க ஒரு மூக்குக் கண்ணாடி என்றாகிவிட்டால், பின்னால் யார் வருகிறார் என்று தெரிவதற்குள் அவர் முந்திப் போயிருப்பார். தவிர, ஆடியில் காணாததைத் தலையைச் சாய்த்துத் தேடலாம். திரையின் முன் எவ்வளவு சாய்ந்தாலும் அதே படம்தான்.

வண்டியின் பின்னால் வைக்கும் ரிவர்ஸ் கேமராவைப் பற்றி இந்தக் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேறு பார்வையே கிடையாது, வண்டியும் நகர்ந்துகொண்டிருப்பது நடைவேகத்தில். பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகத் திரை வைத்த வண்டியை வாங்க நினைப்பவர் மட்டும், டுசெல்டார்ஃபில் ஆண்டுதோறும் நடக்கும் கேரவன் சலோன் கண்காட்சியிலோ வேறெங்கோ ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமரும்போது, படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வண்டி ஓட்டும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திரையைப் பார்ப்பது நல்லது.